லைப்ரரி சனிக்கிழமை

அழுத்தமானியின் முள் நடுங்கி நடுங்கி ஒன்று என்ற எண்ணைத் தொட்டதும் மெக்கானிக் அடுப்பங்கரை ஜன்னலைச் சாத்தினார். காற்றுக்கும் இயந்திரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பதற்றத்தில் கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

மேசை மேல் விரித்த பழைய துண்டில் நின்றுகொண்டு காபி இயந்திரம் மெல்லச் சீறியது. செம்பு பாய்லர், முன்னால் ஒரு நீளமான லீவர். மோட்டார், பம்பு எதுவும் கிடையாது. லீவரைக் கீழே இழுத்தால் உள்ளே ஒரு ஸ்பிரிங் சுருங்கும். விட்டால் அது விரிந்து, வெந்நீரைக் காபித்தூள் வழியாகத் தள்ளும்.

அவ்வளவுதான் விஷயம். அதற்கு நான்கு மாதச் சனிக்கிழமைகள் போய்விட்டன.

"எங்கயாவது ஒழுகுதா பாருங்க சம்பந்தி."

சம்பந்தி குனிந்து, டார்ச் அடித்து, ஒவ்வொரு மூட்டாகப் பார்த்தார். மெக்கானிக்கின் மகனுக்குப் பெண் கொடுத்தவர். முப்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவர் என்பதால் கால்புள்ளி அளவு ஈரம்கூட அவர் கண்ணுக்குத் தப்பாது.

"ஒரு சொட்டு இல்ல."

மெக்கானிக்கும் லேசுப்பட்டவர் இல்லை. வேலையில் இருந்த காலமெல்லாம் லிஃப்டுகளோடு மல்லுக்கட்டியவர். இதெல்லாம் ஒரு பொருட்டா என்றுதான் இறங்கினார். இறங்கிய பிறகுதான் பாய்லருக்குள் சுண்ணாம்பு பாறையாக இறுகிக் கிடப்பது தெரிந்தது. எலுமிச்சை உப்பைக் கரைத்து ஊற்றி மூன்று வாரம் ஊறவைத்தார்கள். ரப்பர் வாஷர்கள் தொட்டதுமே பொடிப்பொடியாக உதிர்ந்தன. அதில் ஒரு அளவு மட்டும் எங்கேயும் கிடைக்கவில்லை. குழாய்க் கடை, சைக்கிள் கடை, குக்கர் ரிப்பேர் கடை என்று இரண்டு பேரும் பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கினார்கள்.

சம்பந்திக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது. ஆனால் இயந்திரத்தோடு கிடைத்த கையேட்டை வரி வரியாகப் படித்துப் பதினோரு பிழைகள் கண்டுபிடித்தார். பத்து எழுத்துப்பிழை. பதினோராவது, இடப்பக்கம் திருக வேண்டிய வால்வை வலப்பக்கம் திருகச் சொல்லியிருந்தது. அதை நம்பித் திருகியிருந்தால் கூரையில் ஓட்டை விழுந்திருக்கும்.

போன வாரம் தூள் போடாமல் சோதித்துப் பார்க்கப்போக, லீவர் விருட்டென்று எகிறிச் சம்பந்தியின் மூக்குக்கண்ணாடியைப் பறக்கவிட்டது. வேறு சம்பந்திகளாக இருந்தால் அன்றோடு போக்குவரத்து நின்றிருக்கும். இவர் தரையில் தடவிக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "ஸ்பிரிங் நல்லா இருக்கு" என்றார்.

மேசை பறிபோனதிலிருந்து மடியில் தட்டை வைத்துக் காய் நறுக்கிக்கொண்டிருந்த மெக்கானிக்கின் மனைவி நிலைப்படியில் வந்து நின்றார்.

"இன்னிக்கும் வரலைன்னா ரெண்டு பேரையும் சேர்த்து இரும்புக் கடையில போட்டுருவேன். அண்ணா, உங்களையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

மெக்கானிக் வடிகட்டியில் தூளை அழுத்தி, இயந்திரத்தில் மாட்டினார்.

"நீங்களே இறக்குங்க சம்பந்தி."

"எனக்கென்ன தெரியும். நீங்க இறக்குங்க."

நீங்க, நீங்க என்று உபசாரம் நீண்டதில் முள் ஒன்றைத் தாண்டிவிட்டது. கடைசியில் லீவரை இரண்டு பேருமே பிடித்தார்கள். கீழே இழுத்து, எட்டு வரை எண்ணி, மெதுவாக விட்டார்கள்.

லீவர் எகிறவில்லை. சோம்பல் முறித்து எழுவதுபோல் நிதானமாக மேலே போனது. கறுப்பாக ஒரு சொட்டு, பிறகு இன்னொன்று, பிறகு வாலாட்டிக்கொண்டு ஒரே இழையாகக் கோப்பைக்குள் இறங்கியது.

சம்பந்தி கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்தார்.

"பிழையில்லை."

அவர் வாயிலிருந்து இதற்கு மேல் பாராட்டு வராது. மெக்கானிக்குக் காது வரை சிரிப்பு.

சிரிப்பு அடங்கியதும் அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. சம்பந்தி துண்டின் ஓரத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். மெக்கானிக் துடைத்த பாய்லரையே துடைத்தார். இயந்திரம் சரியாகிவிட்டது. இனி ஒருவரை ஒருவர் எதற்காக வரச்சொல்வது?

தொண்டையைக் கனைத்துக்கொண்டு சம்பந்தி தன் பையிலிருந்து செய்தித்தாள் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். உள்ளே காபிக்கொட்டை அரைக்கும் கைமெஷின். துரு பிடித்து, பிடி உடைந்து, பார்க்கவே பரிதாபமாக இருந்தது.

"சுத்தவே மாட்டேங்குது. சும்மா காட்டலாம்னு கொண்டுவந்தேன்."

மெக்கானிக் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தை வெகு தீவிரமாக வைத்துக்கொண்டார்.

"ரொம்ப மோசம். ஆறு மாசமாவது ஆகும்."

"ஆகட்டுமே."

அப்போதுதான் சம்பந்தியின் போன் அடித்தது. திரையில் மகள் பெயர். மெக்கானிக் கோப்பையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். அவர் மனைவி ஓடிக்கொண்டிருந்த குழாயை மூடினார்.

"லைப்ரரியில இருக்கேம்மா," என்றார் சம்பந்தி, லைப்ரரியில் பேசுகிற குரலிலேயே. "சனிக்கிழமைன்னா வழக்கமா வர்றதுதானே."

மெக்கானிக் தன் மகனிடம் சொல்லிவைத்திருப்பது வேறு: லிஃப்ட்காரர்கள் சங்கக் கூட்டம்.

இவர் மகனும் அவர் மகளும் நீதிமன்றத்தில் கையெழுத்துப் போட்டுப் பிரிந்து, வரும் மாதத்தோடு மூன்று வருடம் ஆகிறது. நான்கு மாதத்துக்கு முன் பழைய சாமான் கடையில் அப்பாக்கள் இருவரும் எதிர்பாராமல் எதிரெதிரே நின்றுவிட்டார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூச்சமாக இருந்ததால், நடுவில் கிடந்த இந்த இயந்திரத்தைப் பார்த்தார்கள்.

சம்பந்தி போனைப் பையில் போட்டுக்கொண்டார்.

மெக்கானிக்கின் மனைவிதான் குழாயைத் திறந்துவிட்டு, திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"லைப்ரரியில சாப்பாடு ரெடி. கை கழுவிட்டு வாங்கண்ணா."