பெரியவரின் செருமல்

ஜமீன் அரண்மனையைப் பாடகி ஆவுடைத்தாயின் பெயரில் அருங்காட்சியகமாக்கித் திறந்த அன்று, அவளுடைய தங்கை பிச்சம்மாளை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். இதே கூடத்தில் அக்கா பாடிய பழைய ஒலிநாடாவைப் போடப்போகிறார்கள். அன்றைக்குப் பக்கத்திலிருந்து தாளம் போட்டவள் இவள்தான்.

"நடுவுல எங்க தாத்தா தொண்டையச் செருமுற சத்தம் இருந்துச்சும்மா. அத மட்டும் எடுத்துட்டோம். பாட்டு இப்ப சுத்தமா இருக்கும்" என்றான் ஜமீன் பேரன்.

பிச்சம்மாள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் தாத்தா, ஜமீன் பெரியவர், செருமினால் இந்தக் கூடத்தில் மூச்சுவிடக்கூட ஆள் யோசிக்கும். குளத்துத் தண்ணீர் யார் வயலுக்குப் போனது என்று அக்கா பாட வாயெடுத்தபோதுதான் அவர் செருமினார். அக்கா அப்படியே நின்றுவிட்டாள். பிறகு அந்த அடியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள்.

பாட்டு தொடங்கியது. கூட்டம் சொக்கிப்போய்க் கேட்டது. அந்த இடம் நெருங்க நெருங்கப் பிச்சம்மாள் சேலை நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"கொளத்துத் தண்ணி..." என்று எடுத்த குரல் சட்டென்று நின்றது.

"அம்மாவுக்கு அடி மறந்துபோச்சு போல" என்று பின்னால் யாரோ சிரித்தார்கள்.

பிச்சம்மாள் எழுந்தாள். சுவரில் மாட்டியிருந்த பெரியவரின் படத்தைப் பார்த்துக்கொண்டே, கூடம் அதிரத் தொண்டையைச் செருமினாள். சிரிப்பு அடங்கியது. பேரன் தலையைக் குனிந்துகொண்டான்.

ஒலிநாடாவில் அக்கா நடுங்கும் குரலில் அடுத்த அடியை எடுத்தாள்.