ஸ்கோப் வேண்டாம்

என் பழைய சிநேகிதன் டோய்ல் ஸ்கோப் வேண்டாம் என்று சொன்னதும்தான் எனக்கு உறைத்தது.

அதுவரை நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். வீட்டிலேயே சொந்தமாக ஒரு வேட்டைத் துப்பாக்கி செய்யப்போகிறேன், பாகங்களை எடுத்துக் கொடு என்று காலையில் என் துப்பாக்கிக் கடைக்கு வந்து நின்றான். அறுபது வயதில் முதல் துப்பாக்கி. எங்கள் ஊரில் பிள்ளைகள் மீசை முளைக்கும் முன்பே மான் சுட்டுவிடும். இவன் இத்தனை வருஷமும் மனைவி லோர்னா சுட்டு வந்ததை வறுத்துத் தின்றவன்.

லோர்னா செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாளே அவள் துப்பாக்கியை அவள் தங்கைக்குக் கொடுத்துவிட்டான். அப்பாடா என்றிருந்தேன். இப்போது இப்படி வந்து நிற்கிறான்.

குழலை எடுத்து வைத்தேன். சரி என்றான். தோளில் வைக்கும் பின்கட்டை வால்நட் மரத்தில் வேண்டுமா, பிளாஸ்டிக்கா என்றேன். மரம், எதுவானாலும் சரி என்றான். மொன்டானாவில் மரத்தைப் புரட்டிப் பார்க்காமல் வாங்கும் ஆளை நான் கண்டதில்லை. ரேகை சரியில்லை என்று அரை நாள் சண்டை பிடிப்பார்கள், பாவிகள்.

அப்புறம்தான் குறிபார்க்கத் துப்பாக்கி மேல் மாட்டும் தூரக்கண்ணாடி, அந்த ஸ்கோப் பேச்சு வந்தது.

எல்க் மான் எதிர் மலைச்சரிவில் நிற்கும். ஸ்கோப் இல்லாமல் அதைக் குறிபார்ப்பது பெரிய வேட்டைக்காரர்களுக்கே கஷ்டம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் மாட்டுக்கும் மானுக்கும் வித்தியாசம் தெரியாத இவனால் முடியவே முடியாது. அப்படியானால் இவன் தூரத்தில் இருக்கும் எதையும் சுடப்போவதில்லை.

வேட்டை சீசன் அக்டோபரில். இப்போது மார்ச், வெளியே முழங்கால் உயரத்துக்குப் பனி. இன்றைக்கே வேண்டும் என்கிறான்.

 இல்லை என்று விரட்டினால் டவுனில் இருக்கும் பெரிய கடைக்குப் போவான். அங்கே இவன் யாரென்றே தெரியாது, சிரித்த முகமாகக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். கொடுத்தால், நாளைக்கு அவன் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுப் பதில் வராமல் நிற்கப்போவது நான்தான்.

கேட்டுவிடு, நேராகக் கேட்டுவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. வாயில் வந்ததோ காபி குடிக்கிறாயா என்பதுதான்.

வேண்டாம் என்றான்.

விசைப் பகுதி ஸ்டாக் இல்லை, வர நாளாகும் என்று பொய் சொன்னேன். என் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் வரிசையாக இருந்த பெட்டிகளைப் பார்த்தான். மானம் போனது. ஒன்றை எடுத்து வைத்தேன்.

எல்லாவற்றையும் மேஜையில் பரப்பினான். துப்பாக்கியின் நடு உடம்பைக் கையில் எடுத்து, தட்டுத்தடுமாறி, போல்ட்டை வெளியே உருவினான். தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் இரும்பு அது. அது இல்லாவிட்டால் துப்பாக்கி வெறும் கட்டை.

அதை என் பக்கம் தள்ளினான்.

"இது உன்கிட்டயே இருக்கட்டும்டா. கைக்கு ஒரு வேலை வேணும், கட்டைய இழைச்சிட்டுக் கெடப்பேன். மேல மாட்ட லோர்னாவோட ஸ்கோப்பக் கழட்டி வச்சிருக்கேன். நான் வந்து போல்ட்டக் கேட்டா ஒடனே குடுத்துடாத. மூஞ்சியப் பாத்துட்டுக் குடு."

 எதுவரைக்கும் வைத்திருக்கட்டும் என்று கேட்டேன்.

"உன்னோடத நாங்க எதுவரைக்கும் வச்சிருந்தோம்?"

என் பெண்டாட்டி என்னை விட்டுப்போன குளிர்காலம் அது. டோய்லும் லோர்னாவும் டிரக்கில் வந்து, ஒரு கேள்வி கேட்காமல், வீட்டிலிருந்த என் துப்பாக்கிகளையெல்லாம் கம்பளியில் சுற்றி ஏற்றிக்கொண்டு போனார்கள். பனி உருகிய பிறகு போய்க் கேட்டேன். லோர்னா வாசலை மறித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தபடி நின்றாள். இன்னும் ஒரு வாரம் போகட்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டாள்.

டோய்லின் முகத்தைப் பார்த்தேன். போல்ட்டை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.