ஊசி போடுவதாகச் சொன்னார்கள்

பச்சையம்மாள் குரல் கொடுத்ததும் பதினோரு பன்றிகள் வேங்கிக்கால் ஏரிக்கரைப் புதரிலிருந்து அவளை நோக்கி ஓடி வந்தன.

சர்க்கார் ஆட்கள் ஆறு பேர் முந்தாநாள் முழுக்கச் சுருக்குக் கயிறும் கையுமாக ஓடிக் களைத்திருந்தார்கள். ஒரு குட்டிகூடச் சிக்கவில்லை. யாரைக் கண்டு ஓட வேண்டும் என்பது பன்றிக்குத் தெரியும். அவள் குரல் கேட்டால் மட்டும் அதற்குப் பயம் கிடையாது.

கார்த்திகைத் தீபத்துக்கு இன்னும் ஒன்பது நாள். ஊரெல்லாம் பேதி. பன்றிக் குடலில் வைரஸ் என்று ஏதோ புதுப்பேரில் ஒரு கிருமி இருக்கிறதாம், அது மனிதருக்கும் தொற்றலாமாம், மதராஸிலிருந்து காகிதம் வந்திருக்கிறதாம். சுகாதார இன்ஸ்பெக்டர் சம்பந்தமூர்த்தி நேற்றே அவள் குடிசை வாசலுக்கு வந்து தேனொழுகப் பேசிவிட்டுப் போனார்.

"ஒண்ணுக்கு ஒரு ஊசி. போட்டுட்டு அப்பவே விட்டுடுவோம்மா. நீ கூப்ட்டாத்தான் வரும்."

அவள் நம்பினாள். பன்றிகளும் ஒரு வாரமாகக் கழிந்துகொண்டுதான் இருந்தன. ஊசி போட்டால் நல்லதுதானே. புருஷன் போன பிறகு அவளுக்குச் சோறு போட்டதே அவைதான்.

ஒவ்வொன்றாகத் தட்டிக் கொடுத்து, பலகை வழியாக லாரியில் ஏற்றியதும் அவள்தான். கயிற்றுக்கு வேலையே இல்லை.

ஏற்றி முடித்துவிட்டு, ஊசிப் பெட்டி எங்கே என்று எட்டிப் பார்த்தாள்.

ஓரத்தில் சுண்ணாம்பு மூட்டைகள் அடுக்கியிருந்தன. அவற்றின்மேல் குழி வெட்ட நாலைந்து மண்வெட்டிகள்.

அவள் திரும்புவதற்குள் லாரிக் கதவைச் சாத்திக் கொக்கி மாட்டிவிட்டார்கள்.

பச்சையம்மாள் கதவை ஓங்கித் தட்டினாள். அந்த மனுஷனை நம்பி ஏமாந்தது போகட்டும். தன் குரலை நம்பி ஓடி வந்தவற்றை நினைத்தபோதுதான் தாங்கவில்லை.

இன்ஸ்பெக்டர் எண்ணிப் பார்த்தார். பன்னிரண்டு இருக்க வேண்டும், ஒன்று குறைந்தது. காது அறுந்த மூளி அது என்று அவளுக்குத் தெரியும். நிறைசினை. நடக்க மாட்டாமல் புதருக்குள்ளேயே படுத்திருக்கும். இன்னும் ஒரு தடவை கூப்பிடு என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள். கொன்று போட்டாலும் கூப்பிட மாட்டாள். மூளி ஒன்று தப்பினால் போதும். ஏழெட்டுக் குட்டி போடும், மறுபடி பிழைத்துக்கொள்ளலாம்.

அவர் விடவில்லை. உன் பன்றிகள்தான் ஊரைக் கெடுத்தன, பச்சைக் குழந்தைகள் சாகக் கிடப்பது உன்னால்தான் என்று, வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த ஜனங்கள் காதில் விழும்படி சொன்னார்.

அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

"என் பன்னிங்களாலயா? மொதல்ல பேதி கண்டது உங்க வூட்டுப் புள்ளைக்குத்தாங்க! உங்க வூட்டுக் கக்கூசுப் பின்சந்துல தின்னுட்டு வந்தப்புறந்தான் இதுங்களுக்குக் கண்டுச்சு! வெளியில தெரிஞ்சா வேலை போயிடும், சொல்லாதம்மானு என்னைக் கும்பிட்டீங்களே, மறந்துட்டீங்களா?"

பத்து நாளாக அவருக்காக வாய்க்குள் பூட்டி வைத்திருந்தது, ஏரிக்கரை முழுக்கக் கேட்டது. இன்ஸ்பெக்டர் முகம் செத்துப்போயிற்று. அவள் நிறுத்தாமல், தொண்டை கிழியக் கத்தினாள்.

பின்னால் புதர் அசைந்தது.

வயிறு தரையில் உரச, மூச்சு வாங்க, மூளி அவள் குரலைத் தேடி வந்துகொண்டிருந்தது.