பெரியவருக்கு இரண்டு தேசம்

“பெரியவருக்கு பெல்ட்டைப் போட்டீங்களா? எல்லைச் சாவடியைத் தாண்டினா ரோடு மேடும் பள்ளமுமா இருக்கும்,” என்றார் டிரைவர் ஷவ்கத்.

பின் இருக்கையில் பஞ்சு மெத்தை போர்த்தி உட்கார்ந்திருந்ததை நிகோரா திரும்பிப் பார்த்தாள்.

“பேசாம ஓட்டுங்கண்ணே. சர்வர் பெட்டிக்கு பெரியவர்னு பேரு வேற!”

உஸ்பெகிஸ்தானின் தாஷ்கெண்டிலும், எல்லை தாண்டி கசகஸ்தானின் ஷிம்கெண்டிலும் கிளை உள்ள மருத்துவமனை அது. உஸ்பெக் நோயாளியின் விவரம் உஸ்பெக் மண்ணில்தான் இருக்க வேண்டும் என்பது அந்தப் பக்கத்துச் சட்டம். கசாக் நோயாளியுடையது கசாக் மண்ணில் என்பது இந்தப் பக்கத்துச் சட்டம். முதலாளியோ எல்லாவற்றையும் கேட்பாரில்லாத ஏதோ ஒரு நாட்டு கிளவுடில் மலிவாகக் கொட்டிவிட்டு, காட்டுவதற்கென்று ஒரே ஒரு பெட்டி வாங்கினார். எங்கே சோதனையோ அங்கே அது போகும். மற்ற நாளெல்லாம் ஷிம்கெண்ட் கிளையில் கிடக்கும்.

மருத்துவமனை சார்பில் மூன்று வருடமாகச் சோதனைப் படிவங்களில் கையெழுத்துப் போடுகிறவள் நிகோரா. மாட்டினால் ஜெயிலுக்குப் போகப்போவதும் அவள்தான்.

ஷிம்கெண்ட் கிளையில் இறக்கி மெத்தையை உருவினாள். சோதனை ஸ்டிக்கர் கிழித்த பிசுக்கு பெட்டியெல்லாம் அப்பிக் கிடந்தது. இவள் கிழித்தது நாலோ ஐந்தோதான். தடமோ ஒரு டஜனுக்கு மேல். முகத்தைச் சுளித்துக்கொண்டு துடைத்தாள்.

சோதனை அதிகாரி தவ்லெத் பால் தேநீரை உறிஞ்சியபடி படிவத்தை நீட்டினார்.

“வருஷம் முழுக்கப் பெட்டி இங்கதான் இருந்துச்சுன்னு போட்டிருக்கு. கையெழுத்துப் போடும்மா.”

பேனாவைத் தொட்டதும் விரல் கூசியது. இனி முடியாது.

“போட மாட்டேன் ஐயா. நேத்து வரைக்கும் இது தாஷ்கெண்ட்ல இருந்துச்சு. உள்ள ஒரு நோயாளி பேர்கூடக் கிடையாது, வெறும் விளக்குதான் எரியுது. என்னை உள்ள தள்ளினாலும் சரி. எனக்கு அருவருப்பா இருக்கு.”

தவ்லெத் கோப்பையை வைத்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். கோபமே படாமல் கேட்டுக்கொண்டாரே, ஒரு யோக்கியனாவது அகப்பட்டானே என்று நிகோராவுக்கு மூச்சு வந்தது.

“வண்டி வாசல்லதான் நிக்குது ஐயா. பெட்டியை உங்க மேலதிகாரிகிட்டயே கொண்டுவந்து காட்டறேன்.”

அவர் பாய்ந்து வந்து பெட்டியை இரு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“ஐயோ, எடுத்துட்டுப் போயிடாதேம்மா! சாயங்காலத்துக்குள்ள இன்னும் ரெண்டு ஆஸ்பத்திரியில இதையே நான் சோதிச்சாகணும்!”