நேற்று வந்த குழம்பு

சென்னையை விட்டு ஆத்தூருக்குக் குடிபெயர்வது பாஸிலாவின் முடிவு. கணவன் மன்சூருக்கு அரைமனசுதான். ஒரே பிள்ளை இஷாக்கோடு அவர்கள் வந்து இறங்கிய காலையில், சாமான் லாரி வருமுன்னே, பக்கத்து வீட்டு முத்துப்பேச்சி ஒரு தூக்குவாளியைக் கழுவிக் கொண்டுவந்தாள்.

“நேத்து குடுத்துவிட்ட கறிக்கொழம்பு அம்புட்டு ருசி.”

வாளியில் பாஸிலாவின் பெயர் வெட்டியிருந்தது.

“யாரு கொண்டாந்தா?”

“உங்க மகதேன்.”

அவர்களுக்கு மகள் கிடையாது. முத்துப்பேச்சி போனதும் மன்சூர், “திரும்பிப் போயிருவோம்” என்றான்.

“புள்ள நமக்கு முன்னாடி வந்து சேந்துருக்கா. நான் எங்கயும் வரல” என்றாள் பாஸிலா.

லாரி வந்ததும் அடுப்பை மாட்டிக் குழம்பு வைத்தாள். வாளியை நிரப்பி வாசற்படியில் வைத்து, “சூடா இருக்கும்மா, பாத்துக் கொண்டு போ” என்றாள்.

சற்று நேரத்தில் பக்கத்து வீட்டிலிருந்து முத்துப்பேச்சியின் குரல் கேட்டது.

“வா தாயி, உள்ள வா.”