யார் தடுக்கிறார்கள்?

"நாடகத்தைக் கதையாப் படிக்காதீங்க. ஒவ்வொரு ஆளுக்கும் என்ன வேணும், அதை யாரு தடுக்குறாங்கன்னு தேடுங்க" என்றார் பேராசிரியர் அந்தோணிராஜ். பாடத்திலிருந்த நாடகத்தில் மூத்த மகள் மூன்று அங்கமும் பெட்டியைக் கட்டிவைத்துக்கொண்டு கூடத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். திரை விழும்வரை கிளம்புவதில்லை. அப்பா தடுக்கிறார் என்றாள் ஒருத்தி. ஊர் வாய் என்றாள் இன்னொருத்தி. நாச்சியார் எழுந்தாள்.

"யாருமே தடுக்கல சார். அந்த வீட்டுல ஒருத்தர்கூட அவகிட்ட கடுஞ்சொல் பேசல. ஒவ்வொரு வசனமாத் தேடிப் பார்த்துட்டேன். கோவிச்சுக்கிட்டுக் கிளம்ப அவளுக்கு ஒரு காரணமும் கொடுக்கல."

"அதையே கட்டுரையா எழுதும்மா" என்றார் பேராசிரியர்.

ஆவணியில் நாச்சியாருக்குக் கல்யாணம். இந்த மாப்பிள்ளை வேண்டாம், மேலே படிக்க வேண்டும் என்று இன்றைக்கு அப்பாவிடம் சொல்லிவிடும் முடிவோடுதான் காலையில் வந்திருந்தாள். கல்லூரி வாசலில் அப்பா வேகாத வெயிலில் ஸ்கூட்டரோடு நின்றார். கையில் மிளகாய்ப்பொடி தூவிய கொய்யாப்பழம்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு தாயி. முதல்ல இதைத் தின்னு, முகம் வாடிக் கெடக்கு."

தின்றாள்.

"பத்திரிகை அடிச்சு வந்துட்டு. நீ இன்னும் பரீட்சை எழுதல, இருந்தாலும் உன் பேருக்குப் பின்னால எம்.ஏ. போடச் சொல்லிட்டேன்" என்று சிரித்தார். கண் கலங்கியிருந்தது. "என்னமோ சொல்லணும்னியே?"

"ஒண்ணுமில்லப்பா."

அவரே ஹெல்மெட்டை அவள் தலையில் மாட்டி, தாடைக்குக் கீழே வாரைப் பூட்டினார்.

"இறுக்குதா தாயி?"

"இல்லப்பா" என்றாள்.