கணக்கில் வராத பெயர்

"மேரின்னே எழுதுங்க. இந்த வீட்டுக்கு வந்த நாள்லேருந்து அவ மேரிதானே?" என்றாள் ஜேன் அம்மாள், ரொட்டியில் வெண்ணெய் தடவியபடியே.

அவள் கணவர் ஆம்புரோஸ் கெரட்டி ஐயாவின் பேனா தாளின் கடைசி வரியில் நின்றது. 1911-ஆம் வருட மக்கள்தொகைக் கணக்கு. நேற்று இரவே நிரப்பி வைத்திருக்க வேண்டும். டப்ளின் முழுவதற்கும் தேயிலை விற்பவருக்கு இந்த ஒரு தாளை நிரப்ப நேரம் கிடைக்கவில்லை. வாங்கிப் போக வந்த கான்ஸ்டபிள் ஹெனெகன், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தேநீர் கொண்டுவந்த வேலைக்காரப் பெண் தட்டை மேஜையில் வைத்தாள்.

"ஐயா, என் பேரு மேரி இல்லீங்க."

கான்ஸ்டபிள் சிரித்துவிட்டார். "இந்தத் தெருவுல வேலைக்காரின்னாலே மேரிதானம்மா! பக்கத்து வீட்டுல மேரி, எதிர் வீட்டுல மேரி, மூலை வீட்டுல ரெண்டு மேரி. படிச்சுப் படிச்சு என் பேரே மேரியோன்னு எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு. சரி, உன் நிஜப் பேரு என்ன?"

"கோப்னெட்."

ஜேன் அம்மாளின் கத்தி 'ணங்'கென்று தட்டில் விழுந்தது.

"கோப்... என்னது?" என்றார் ஐயா.

"தெற்கே கார்க் பக்கம் ஒரே ஒரு பள்ளத்தாக்குல மட்டும் வெக்கிற பேருங்க ஐயா," என்றார் கான்ஸ்டபிள். "என் மச்சினி அங்கதான் வாக்கப்பட்டிருக்கா. தேனீ வளர்த்த புனிதவதி ஒருத்தங்க பேரு அது. அந்த ஊர்ல கல்லை விட்டெறிஞ்சா ஒரு கோப்னெட் மேலதான் விழும். மலையைத் தாண்டினா மருந்துக்குக்கூட ஒருத்தி கிடையாது. டப்ளின்ல நான் பாக்கற முதல் கோப்னெட் இவதான்!"

"போதும்!" ஜேன் அம்மாளின் குரல் கிறீச்சிட்டது. "அந்தப் பட்டிக்காட்டுப் பேரெல்லாம் இந்த வீட்டுத் தாள்ல ஏறக் கூடாது. மேரின்னு எழுதி அனுப்புங்க."

வேலைக்கு வந்த முதல் நாளும் இப்படித்தான். அவள் பெயரைச் சொன்னதுமே, "இங்க நீ மேரி" என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று மாடிக்குப் போய்விட்டாள் அம்மாள். மற்றபடி குறை சொல்ல முடியாது. காய்ச்சல் வந்தால் டாக்டரைக் கூப்பிடுவாள். பிப்ரவரி மாதம் தேனடை வாங்கி வந்து, "நீயே சாப்பிடு" என்று சமையலறையில் வைத்துவிட்டுப் போவாள். பெயர் விஷயத்தில் மட்டும்தான் அவளுக்கு மனசு கல்.

"அம்மா," என்றாள் கோப்னெட். "எங்கம்மா இந்தக் குளிர்ல போய்ச் சேர்ந்துட்டாங்க. என்னை அந்தப் பேரு சொல்லிக் கூப்பிட இனிமே யாருமே இல்ல. நாட்டுல இருக்கற அத்தனை பேரையும் எண்றாங்களே... அதுலயாவது நான் நானா இருந்துட்டுப் போறேனே."

"அந்தப் பேருதான் பெருசுன்னா அதையே தூக்கிக்கிட்டு வெளியே போ!"

எஜமானியின் நற்சான்று இல்லாமல் இந்த ஊரில் எந்த வீட்டிலும் கதவைத் திறக்க மாட்டார்கள். சொந்த ஊரில் போய்த் தங்கவும் வீடு இல்லை. 'மேரின்னே இருக்கட்டும்மா' என்று சொன்னால் முடிந்தது. வாய் வரைக்கும் வந்தது, வெளியே வரவில்லை.

அவள் ஏப்ரனின் முடிச்சை அவிழ்த்தாள்.

"சரிங்கம்மா. போறேன்."

ஏப்ரனை மடித்தபோது அதன் பையிலிருந்து ஒரு நீல ரிப்பன் நழுவி ஜேன் அம்மாளின் காலடியில் விழுந்தது.

"என்ன இது, தலைக்குக் கட்டறதா?" என்றார் கான்ஸ்டபிள், அறையின் இறுக்கம் தாங்காமல்.

"இல்லீங்க. பிப்ரவரி மாசத் திருநாள் அன்னிக்கு எங்க புனிதவதி சிலை மேல, தலையிலேருந்து கால் வரைக்கும் வெச்சு அளந்தெடுக்கற ரிப்பன். நோய்நொடி அண்டாது. நான் ஊரை விட்டுக் கிளம்பறப்ப எங்கம்மா குடுத்தாங்க."

ஜேன் அம்மாள் குனிந்து ரிப்பனை எடுத்தாள். கொடுத்துவிடுவாள் என்று கோப்னெட் கையை நீட்டினாள். அம்மாள் கொடுக்கவில்லை. இரண்டு கைகளிலும் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தாள்.

"எனக்கு இந்தத் துணிச்சல் வரலையே," என்றாள் மெல்ல. யாரிடம் சொல்கிறாள் என்று யாருக்கும் புரியவில்லை.

"ஜேன், உடம்புக்கு என்ன?" என்று பதறினார் ஐயா.

அம்மாள் எப்போதும் கழற்றாத கழுத்துப் பதக்கத்தைக் கழற்றினாள். அதைத் திறந்து, உள்ளே மடித்துத் திணித்திருந்த எதையோ எடுத்து, நீல ரிப்பனுக்குப் பக்கத்தில் மேஜையில் நீட்டி வைத்தாள்.

சாயம் போன ஒரு பழைய ரிப்பன். இரண்டின் நீளமும் நூலளவுகூடப் பிசகவில்லை.

"ஆம்புரோஸ், கடைசி வரியில அவ சொன்ன பேரை எழுதுங்க," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ரெண்டாவது வரியில என் பேரை அடிச்சிட்டு அங்கயும் அதையே எழுதுங்க. ஜேன்ங்கறது, நான் வேலைக்காரியா இருந்த வீட்டுல எனக்கு வெச்ச பேரு."